ஆயாவின் கை ஏன் அவ்வளவு பெரிது?

அன்புள்ள ஐயா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறாள். போன லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது என் அம்மாவை, அதாவது அவளுடைய ஆயாவை, தினமும் மத்தியானம் எதிரே உட்காரவைத்து ஆயில் பெயிண்டில் ஒரு படம் வரைந்தாள். நாலடி உயரம், மூன்றடி அகலம். ‘உட்கார்ந்திருக்கும் பெண்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எனக்குப் படம் பிடிக்கவில்லை. அம்மா மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்தான், அதற்காக முகம் பச்சையாகவா இருக்கும்? கைகள் இரண்டும் முகத்தைவிடப் பெரியவை, கறுகறுவென்று இருக்கின்றன. ஒரு காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்திருக்கிறார். பின்னால் பாதி இடம் பெயிண்டே அடிக்காத துணி. இதே பெண் பிளஸ் டூ படிக்கும்போது செல்போன் போட்டோவைப் பார்த்து ஆயாவைப் பென்சிலில் வரைந்தாள். அச்சு அசலாக இருக்கும். ஹாலில் மாட்டியிருக்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள்.

நானும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ‘காசு கட்டிப் படிக்கவைத்து இருந்த திறமையும் போச்சு, வெள்ளைக்காரன் பாணியைக் காப்பி அடிக்கிறாள்’ என்கிறான் தம்பி. அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் படத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போடச் சொல்கிறான். அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துத்தான் எங்கள் இருவரையும் வளர்த்தார். தானே புயலில் தோப்புகள் போன பிறகு இங்கே அழைத்து வந்துவிட்டோம். ‘கூலி வேலை செஞ்ச கையை ஹால்ல மாட்டி வைக்கணுமா?’ என்று தம்பி கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அம்மாவிடமே கேட்டேன். படத்துக்குப் பக்கத்தில் போய்த் தன் கையை அந்தக் கையோடு வைத்துப் பார்த்தார். ‘எங்கையாடா இது?’ என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வரையத் தெரியாமல் இப்படி வருவதற்கும் தெரிந்தே இப்படி வரைவதற்கும் என்ன வித்தியாசம்? இந்த மாதிரிப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? மாட்டுவதென்றால் கண்ணாடி போட வேண்டுமா?

ச.
கடலூர்

—

அன்புள்ள ச.,

படத்தைப் பெரிதாக்கிப் பல தடவை பார்த்தேன். போனில் எடுத்த போட்டோவில் வண்ணம் கொஞ்சம் மாறியிருக்கும், பெயிண்டின் தடிமனும் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: உங்கள் மகளுக்கு வரையத் தெரியும். ஹாலில் மாட்டியிருக்கும் பென்சில் படத்தைவிட இந்தப் படத்தில்தான் உங்கள் அம்மா அதிகம் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

முகத்தை முதலில் பார்க்க வேண்டாம். நாம் எல்லோரும் முகத்துக்குத்தான் முதலில் போகிறோம், அடையாளம் தெரிகிறதா என்று தேடுகிறோம், தெரியவில்லையென்றால் கோபம் வருகிறது. கொஞ்ச நேரம் படத்தின் கீழ்ப் பாதியில் இருங்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அம்மாவின் ஒரு பாதம் தரையில் இருக்கிறது. இன்னொரு காலை மடித்து நாற்காலியின் மேலேயே வைத்திருக்கிறார். உடம்பின் பாரமெல்லாம் மடித்த காலின் பக்கம் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்து நாற்காலிக் கை லேசாக வெளியே வளைந்திருப்பதைப் பாருங்கள். அதற்கு ஈடாக எதிர்ப்பக்கத் தோள் மேலே ஏறியிருக்கிறது. கழுத்து அந்தத் தோளை நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்தே வாழ்நாளெல்லாம் வேலை செய்த பெண்களை நாற்காலியில் உட்காரவைத்தால் இப்படித்தான் உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கால் தானாக மேலே வந்துவிடும். நாற்காலியும் அவர்களுக்குத் தரைதான். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் நறுக்குகிறவர்களை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். மகளைப் பார்க்க இந்தப் பக்கம் வந்தால் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். அரிவாள்மணையின் பலகையை ஒரு காலால் அமுக்கிக்கொண்டு, மற்ற முட்டியை மேலே நிறுத்தி, அந்த முட்டிமேல் முழங்கையை ஊன்றி விலை பேசுவார்கள். உடம்பு அப்படியே பழகிவிட்டது. உங்கள் மகள் இதைக் கவனித்திருக்கிறாள். போட்டோ ஸ்டுடியோவாக இருந்தால் ‘காலைக் கீழே வைங்கம்மா, நிமிர்ந்து உட்காருங்க, கையை முட்டிமேல வைங்க’ என்று சொல்லியிருப்பார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நம் பாட்டிகள் எல்லோரும் ஒரே மாதிரி விறைத்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். அது அவர்கள் உட்காரும் விதமே கிடையாது.

நம் வீட்டுச் சுவரில் உட்கார்ந்த பெண் என்றால் ஒன்று அந்த ஸ்டுடியோ படம், இல்லாவிட்டால் தாமரைமேல் லட்சுமியும் வீணையோடு சரஸ்வதியும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகு அச்சிட்ட சாமி படங்கள் சாதாரண வீடுகளுக்குள் பரவின. அவருக்குப் பின் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. அந்தப் படங்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. பட்டுப்புடவையின் மடிப்பை அவ்வளவு பொறுமையாக வரைந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் படங்களில் லட்சுமி உட்கார்ந்தாலும் தாமரை அமுங்காது. அமுங்கவும் கூடாது, தெய்வத்துக்கு எடை கிடையாது. மனுஷிக்கு எடை உண்டு. உங்கள் மகள் வரைந்த நாற்காலி வளைகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்தப் படத்தை நம்புகிறேன்.

இப்போது கைகளுக்கு வரலாம்.

முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டையின் ஓடு இரண்டு அடுக்கு. நடுவில் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொசுக்கும், கறுத்துப்போகும், உரியும். வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டுவார்கள். கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், அப்படியும் எண்ணெய் ஏறும். பருப்பு முழுதாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் ஒரு விலை. ஆகவே ஓங்கி அடிக்கவும் முடியாது, மெல்லத் தட்டினால் ஓடு பிளக்காது. எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஒவ்வொரு கொட்டைக்கும் மாறும், அது அந்தக் கைக்குத்தான் தெரியும். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். கூலி வேலை என்று அவர் சொல்வது ஒரு தேர்ந்த கைத்தொழில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் வீணாவதில்லை. பெயிண்ட், வார்னிஷ், வண்டிகளின் பிரேக் லைனிங் எல்லாவற்றிலும் அதைச் சேர்க்கிறார்கள். நீங்கள் கணக்கு எழுதும் கடையில் இருக்கும் ஏதாவது ஒரு டப்பாவில் அது இருக்கலாம். உங்கள் அம்மாவின் கையைக் கறுப்பாக்கிய பொருள் வேறோர் இடத்தில் வண்ணத்துக்குள் போகிறது.

உங்கள் மகள் அந்தக் கைகளைப் பல மத்தியானங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதை அதிக நேரம் பார்க்கிறோமோ அது பெரிதாகும். இது மனதில் நடப்பது. இந்த வகை ஓவியம் மனதில் நடந்ததைத் துணிமேல் அப்படியே வைக்கிறது. போட்டோ உண்மையான அளவைக் காட்டும் என்று நினைக்கிறோம். அதுவும் கிடையாது. செல்போனைக் கிட்டத்தில் பிடித்து உட்கார்ந்திருப்பவரை எடுத்துப் பாருங்கள், முட்டியும் கையும் பெரிதாகி, தலை சிறுத்திருக்கும். லென்ஸ் தனக்கு அருகில் இருப்பதைப் பெரிதாக்குகிறது. உங்கள் மகள் தன் மனதுக்கு அருகில் இருப்பதைப் பெரிதாக்கியிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அம்மா சொன்ன ஒரு வரி. படத்தில் முகமும் இருக்கிறது, முகம் பச்சையாகவும் இருக்கிறது. அவர் முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் கையிடம் போனார், தன் கையைப் பக்கத்தில் வைத்தார், ‘எங்கையாடா இது?’ என்றார். ஓவியம் படிக்காத அவர், படம் எதைப் பற்றியது என்பதை உங்களையும் என்னையும்விடச் சீக்கிரம் கண்டுகொண்டார். அவருக்குப் பிடித்ததா என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். பிடிக்காமலும் இருக்கலாம், அது அவருடைய உரிமை. ஆனால் தன்னைத்தான் வரைந்திருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார், 1867இல் பிறந்தவர். இறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் அச்சோவியத்தை 1903இல் செய்தார். ஆடையில்லாத, கனத்த உடம்பு. சம்மணமிட்ட காலின் முட்டி தடித்துப் பெரிதாகப் பார்ப்பவரை நோக்கி வருகிறது. குழந்தையின் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள், ஏறக்குறைய கடிப்பதுபோல. இதற்கு அவர் வேறொரு பெண்ணை உட்காரவைக்கவில்லை. ஏழு வயதான தன் மகன் பீட்டரை மடியில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் தானே உட்கார்ந்தார். பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, சும்மா இரும்மா, ரொம்ப அழகாக வரும் என்று பையன் சமாதானம் சொன்னதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 1914 அக்டோபரில் அதே பீட்டர் பதினெட்டு வயதில் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். நான் இதைச் சொல்வது அந்தத் துயரத்துக்காக மட்டும் அல்ல. ஏழு வயதுப் பையனின் எடையைத் தன் காலிலும் இடுப்பிலும் வாங்கியவர் வரைந்த முட்டி அது. அளவுப்படி அந்த முட்டி சரியா என்று அந்தப் படத்தின் முன்னால் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாது.

முகத்தின் பச்சைக்கு நீங்களே பாதி பதில் எழுதிவிட்டீர்கள்: அம்மா மஞ்சள் பூசிக் குளிக்கிறவர். கடையில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மஞ்சள் பெயிண்டில் கொஞ்சமாகக் கறுப்பு விட்டுக் கலக்குங்கள். பழுப்பு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், பச்சை வரும். கறுத்த தோலில் மஞ்சள் பூசி, அதன்மேல் நிழல் விழுந்தால் கன்னத்துக்குக் கீழே, மூக்கின் ஓரத்தில், கண்குழியில் பச்சை தெரியும். நாம் தினமும் அதைப் பார்க்கிறோம், ‘அம்மா மாநிறம்’ என்று தெரிந்துவைத்திருப்பதால் கண் அதைத் தள்ளிவிடுகிறது. ஓவியர் தள்ளாமல் வைத்துக்கொள்கிறார், கொஞ்சம் கூட்டியும் வைக்கிறார். இத்தாலியில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் முகம் வரையும்போது முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி, அதன்மேல்தான் தோலின் நிறத்தை ஏற்றினார்கள். மேல்பூச்சு தேய்ந்துபோன பழைய மாதா படங்களில் இன்று பச்சை முகம் வெளியே தெரிகிறது.

பச்சை முகத்துக்காகத் திட்டு வாங்குவதும் புதிதில்லை. 1905இல் பாரிஸில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவி அமேலியின் படத்தை வைத்தார். தலையில் பெரிய தொப்பியோடு உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் படம். நெற்றியிலும் மூக்கிலும் பச்சை. கூட்டம் சிரித்தது. மத்தீஸையும் அங்கே அவரோடு படம் வைத்திருந்த ஓவியர்களையும் ஒரு விமர்சகர் காட்டு மிருகங்கள் என்று எழுதினார், அந்தப் பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அமேலி தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்துக்குச் சம்பாதித்தவர். படத்தில் தொப்பி அவ்வளவு பிரமாண்டமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடை ஞாபகம் வரும். இப்போது உங்கள் அம்மாவின் கையும் சேர்ந்து ஞாபகம் வரும்.

வெள்ளைக்காரன் பாணி என்கிறார் தம்பி. எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும் அங்கிருந்து வந்தவைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உடம்பைச் சிதைத்து உணர்வைச் சொல்வதை நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இதற்கு நம் காரைக்கால் அம்மையார் போதும். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று தொடங்கி, குழிந்த வயிறும் நீண்ட பற்களும் உயர்ந்த கணுக்காலுமாக ஒரு பேய்ப்பெண்ணைப் பாடுகிறார். அழகை உதறிப் பேய் உருவை வேண்டிப் பெற்றவர் அவர். சோழர் காலத்துச் சிற்பிகள் அந்த வரிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அம்மையாரின் வெண்கலச் சிலைகளில் இரண்டு இன்று அமெரிக்காவில் இருக்கின்றன, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்று, கான்சாஸ் சிட்டியில் ஒன்று. படங்களைத் தேடிப் பாருங்கள். விலா எலும்பு எண்ணலாம், மார்பு வற்றித் தொங்குகிறது, கையில் தாளம், முகத்தில் அப்படியொரு சந்தோஷம். உட்கார்ந்திருக்கிறார். சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்தாலும், மற்றவர்கள் நிற்க, அம்மையார் உட்கார்ந்திருப்பார். அந்த உருவத்தின் முன்னால் ‘இந்தச் சிற்பிக்கு ஒரு பெண்ணைச் செய்யத் தெரியவில்லையே’ என்று யார் சொல்கிறார்கள்? கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அந்தச் சிற்பியால் அழகான சிவகாமியையும் வார்க்க முடியும். அம்மையாருக்கு இந்த உடம்பு வேண்டும் என்று தெரிந்து செய்திருக்கிறார்.

உங்கள் மகள் முட்டியைச் சுற்றிப் போட்டிருக்கும் தடித்த கறுப்புக் கோடும் இந்தப் பக்கத்துச் சொத்து. சென்னை ஓவியக் கல்லூரியில் 1957இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவரும் அங்கே ஆசிரியர்களாக இருந்த தனபால், சந்தானராஜ் போன்றவர்களும் வளர்த்த தலைமுறைகள் கோடு போடுவதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தன. அவள் ஆசிரியர்களிடம் கேட்டால் இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள்.

சரி, வரையத் தெரியாமல் வந்த கோணலை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்ப்பது இதைத்தான். வரையத் தெரியாதவர் கையை மறைப்பார். உடம்பில் வரையக் கஷ்டமானது கை. மாணவர்கள் அதை முந்தானைக்குள் விடுவார்கள், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள், மங்கலாகப் பூசிவிடுவார்கள். உங்கள் மகள் கையைத்தான் நடுவில் வைத்து, இருக்கிறதிலேயே பெரிதாக்கி, விரல் கணுக்கள் ஒவ்வொன்றையும் தனியாகத் திருப்பியிருக்கிறாள். வலது கட்டை விரல் உள்பக்கம் மடங்கியிருப்பதைப் பாருங்கள், கட்டையைப் பிடித்துப் பிடித்து நிமிராமல் போன விரல் அது. அடுத்தது பாரம். தெரியாமல் வரைந்தால் உருவம் நாற்காலிக்கு மேலே மிதக்கும், பாதம் தரையைத் தொடாது. இதில் தொடுகிறது. மூன்றாவதாக, தெரியாமல் வந்த கோணல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருக்கும். தெரிந்து செய்தது சில இடங்களில் மட்டும் திரளும். இவள் நாற்காலியை அளவு பிசகாமல் வரைந்திருக்கிறாள், கையை மட்டும் வளரவிட்டிருக்கிறாள்.

உருவத்தைச் சிதைத்தாலே உயர்ந்த படம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் டி கூனிங் என்ற ஓவியர் 1950இலிருந்து 1952 வரை சுரண்டிச் சுரண்டி வரைந்த ஒரு பெண் படம் உண்டு. பெரிய கண்ணும் பல்லுமாக உட்கார்ந்திருப்பாள். உலகப் புகழ் பெற்றது, பெயிண்டைக் கையாண்டிருக்கும் வேகம் அசாத்தியமானது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அது எந்தத் தனிப்பட்ட பெண்ணையும் பார்த்து வரைந்த உருவப்படம் கிடையாது. பெண் என்ற பொதுவான ஒன்றோடு அவர் போட்ட சண்டையாகத்தான் எனக்குத் தெரிகிறது. யாருடைய கட்டை விரலும் அதில் இல்லை.

உங்கள் மகளின் படத்திலும் எனக்கு இரண்டு இடங்கள் பிடிக்கவில்லை, அவளிடம் சொல்லுங்கள். வலது மேல் மூலையில் நீல வண்ணத்தை ஒழுகவிட்டிருக்கிறாள். மற்ற எல்லாவற்றையும் ஆயாவைப் பார்த்துப் போட்டவள் இதை வேறு படங்களைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். அந்த ஒழுகலுக்கு அங்கே வேலை இல்லை. இன்னொன்று, ஒரு கண்ணை வெறும் கறுப்புக் குழியாக விட்டிருப்பது. சோகம் காட்ட அது சுலபமான வழி, இப்போது நிறையப் படங்களில் பார்க்கிறேன். ஆயாவின் அந்தக் கண் உண்மையில் எப்படி இருக்கிறது? புரை விழுந்திருக்கிறதா, வெளிச்சத்தில் சுருங்குகிறதா? இன்னும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதைப் பார்க்கலாம். பின்னால் பெயிண்ட் அடிக்காத வெறும் துணியை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். தலைக்குப் பின்னால் அந்த வெளுப்பு இருப்பதால்தான் நரைமுடி எழுந்து நிற்கிறது.

தம்பியின் மேல் எனக்கு வருத்தமில்லை. பெண்ணைக் கரையேற்ற நினைக்கும் ஒரு தகப்பனின் பயம் அது, சம்பந்தி வீட்டார் எதை வைத்து எடைபோடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டுக்குப் பெண் கொடுப்பதா என்றும் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படத்தை எங்கே மாட்டுவது என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்ய வேண்டாம், அம்மாவிடம் விடுங்கள். இந்தச் சுவர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கும் கட்டுப்படுங்கள்.

பரண் மட்டும் கூடாது. இதற்கு உணர்ச்சிக் காரணம் தேவையில்லை, பெயிண்டே காரணம். உங்கள் கடையில் விற்கும் லின்சீட் ஆயில்தான் இந்த வண்ணங்களைப் பிடித்துவைத்திருப்பது. அது தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில வாரங்களில் வந்துவிடும். அம்மாவின் கையில் இருப்பதுபோலத் தடித்துப் பூசிய இடங்கள் உள்ளே இறுக மாதக்கணக்கில் ஆகும். இந்த நேரத்தில் துணி சுற்றினால் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் சுற்றினால் புழுங்கும். இருட்டில் வைத்தால் அந்த எண்ணெய் மஞ்சளடிக்கும். வெளிச்சமுள்ள சுவர் வேண்டும், நேர் வெயில் வேண்டாம்.

கண்ணாடி தேவையில்லை. எண்ணெய் வண்ணத்துக்குக் காற்றுப் போக வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மகளே மெல்லிய வார்னிஷ் ஒரு கோட் அடிக்கட்டும், அதற்கு முன்னால் அவசரப்பட வேண்டாம். நம் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சுவர் ஓதமெடுக்கும், அதோடு உப்புக் காற்று. சட்டத்தின் நாலு மூலையிலும் பின்பக்கம் சின்ன கார்க் துண்டுகளை ஒட்டிவிட்டால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும், பூஞ்சை பிடிக்காது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் வேண்டாம், ஊதுபத்திப் புகை படியும். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

கடைசியாகத் தலைப்பு. ‘உட்கார்ந்திருக்கும் பெண்’ என்ற பெயரில் உலக அருங்காட்சியகங்களில் எத்தனையோ படங்கள் தொங்குகின்றன. அவற்றில் பல பெண்களுக்கு இன்று பெயர் தெரியாது. தலைப்பு அப்படியே இருக்கட்டும், அது ஓவியரின் விருப்பம். படத்தின் பின்பக்கம் மட்டும் அம்மாவின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், மகளின் பெயர், வரைந்த வருஷம் எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். துணிமேல் எழுத வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். மரச் சட்டத்தில் பென்சிலால் அழுத்தி எழுதினால் போதும்.

அன்புடன்.